உங்களுக்குத் தெரியுமா? கச்சேரி மேடையில் தாலாட்டு

கர்நாடக இசையில் தாலாட்டு என்றதும் நீலாம்பரி ராகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தியாகராஜர் ராமனுக்காக இயற்றிய ‘உய்யால லூகவய்யா’ என்ற ஊஞ்சல் பாட்டு இந்த ராகத்தில் அமைந்ததே. இறைவனைத் துயிலெழுப்புவது முதல் உறங்க வைப்பது வரையிலான உபசாரங்களுக்காக அவர் பாடியவை ‘உற்சவ சம்பிரதாய கீர்த்தனைகள்’. அவற்றில் ‘லாலி’ எனப்படும் தாலாட்டுப் பாடல்களுக்குத் தனி இடம் உண்டு.

நீலாம்பரி மட்டுமல்ல, குறிஞ்சி, நவரோஜ் ஆகியவையும் தாலாட்டுக்கு ஏற்ற ராகங்களே. இந்த இரண்டும் மேல் ஸ்தாயி ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) தொடுவதில்லை. குறிஞ்சி தைவதத்தோடும் (‘த’), நவரோஜ் பஞ்சமத்தோடும் (‘ப’) திரும்பிவிடும். வழக்கமாக மத்யம சுருதியில் (‘ம’வை ஆதாரமாகக் கொண்டு) பாடப்படும் இவற்றில் குரல் உச்சத்துக்கு ஏறாமல், ஒரு சிறு எல்லைக்குள் தொட்டில்போல் ஆடி வருகிறது.

கேரளத்தின் புகழ்பெற்ற தாலாட்டு, இரயிம்மன் தம்பி மலையாளத்தில் இயற்றிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’. 1813-இல் திருவிதாங்கூரில் பிறந்த இளவரசர் சுவாதித் திருநாளுக்காக எழுதப்பட்டது. வாரிசுக்காகக் காத்திருந்த அரச குடும்பத்தின் மகிழ்ச்சி அதில் பொங்குகிறது. நிலவோ, மலரோ, தேனோ என்று கேள்விமேல் கேள்வியாக வளரும் இந்தப் பாடலில், குழந்தையைத் தூங்கச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை!

தமிழில் இந்த மரபு இன்னும் பழையது. கண்ணனுக்குப் பெரியாழ்வாரும், திருக்கண்ணபுரத்துப் பெருமாளை ராமனாகக் கண்டு குலசேகர ஆழ்வாரும் பாடிய தாலாட்டுகள் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் உள்ளன.