மரத்தின் காயம் ஆறுவதில்லை

சாலையோரப் புளியமரத்தில் கிளையை வெட்டிச் சில வருடங்கள் போனபின் அந்த இடத்தைக் கவனியுங்கள். வெட்டுவாயின் விளிம்பு தடித்து, உதடு போல உருண்டு, நடுப்பகுதியை மூட வந்துகொண்டிருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள காம்பியம் என்ற மெல்லிய உயிரடுக்கின் வேலை அது. முதலில் ஒழுங்கில்லாத செல்கூட்டமாகப் பெருகி, பிறகு புதுக் கட்டையாகவும் பட்டையாகவும் வளர்கிறது. பட்டையின் வெளிச்செல்களில் சுபெரின் என்ற நீர்புகாப் பொருள் படிவதால் ஈரம் வெளியேறாது, கிருமியும் எளிதில் நுழையாது. பாட்டில் தக்கையில் நீர் இறங்காததற்கும் இந்தச் சுபெரின்தான் காரணம்.

காயம் ஆறிவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் ஆறவில்லை. நம் உடலில் சிதைந்த திசு இருந்த இடத்திலேயே புதுத்திசு வருகிறது. மரத்தால் அது முடியாது. பழுதான கட்டை உள்ளேயே கிடக்கும். மரம் அதைச் சுற்றி அரண் கட்டி ஒதுக்கிவிட்டு, வெளிப்புறமாக வளர்ந்துகொள்ளும். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணியின் காயமும் அப்படியே, அடித்த உயரத்திலேயே, உள்ளே புதைந்திருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. சங்கிலி ரம்பத்தால் ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977இல் நான்கு அரண்களை விளக்கினார். நீர்க்குழாய்களை மேலும் கீழும் அடைப்பது முதல் அரண். நான்கில் இதுவே பலவீனமானது. அதனால்தான் அழுகல் தண்டின் நீளவாக்கில் ஓடுகிறது. உள்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவாமல் இன்னும் இரண்டு தடுக்கின்றன. நான்காவதைக் காயம்பட்டபின் காம்பியம் புதிதாகக் கட்டுகிறது. மிக உறுதியானது அதுதான். அதற்கு வெளியே வளரும் கட்டையை உள்ளிருக்கும் அழுகல் தொடுவது அரிது. ஆள் நுழையும் பொந்தோடு சில மரங்கள் வருடாவருடம் காய்த்துத் தள்ளுவது இதனால்தான்.

கிளை வெட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று இருக்கும். மரத்தின் தற்காப்பு அங்கேதான் வலுவாக இருக்கிறது. அதையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட அறுத்தால் காயம் பெரிதாகும், அரணும் போய்விடும். வளையத்துக்கு வெளியே வெட்டுங்கள். மொட்டைக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கவும் விடாதீர்கள், அதை மூட மரம் வெகுகாலம் திணறும். தார் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் அடைப்பது அதைவிட மோசம்: மரம் கட்டிவைத்த அரணையே உளி உடைத்துவிட, அதுவரை உள்ளே அடைபட்டிருந்த பூஞ்சை நல்ல கட்டைக்குள் நுழைந்துவிடும்.