நகலெடுக்கும் செடிக்கு எதற்குத் திசு வளர்ப்பு?

வாழைக்குத் திசு வளர்ப்பு ஏன் வந்தது என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவதற்கு விதை கிடையாது. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டால் நோயும் நூற்புழுவும் கூடவே வந்துவிடும். டான்டெலியனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஐரோப்பியப் புல்வெளிகளில் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கும் களை அது. விதை காற்றில் பறந்து முளைக்கும். வேரை வெட்டிப் போட்டால் துண்டும் தழைக்கும், மேல்நுனியில் தளிர், கீழ்நுனியில் வேர் என்று திசை மாறாமல்.

பரவலாகக் காணும் டான்டெலியன் மும்மடியச் செடி, குரோமோசோம்கள் 24. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கும், கன்று தாயின் அச்சாகவே இருக்கும். இந்த வித்தைக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று 2022-இல்தான் அடையாளம் காணப்பட்டது. இயற்கையே இப்படி நகலெடுக்கும்போது ஆய்வகம் எதற்கு?

சிக்கலே அங்குதான். ஐரோப்பாவில் சிறுநீர் பிரியவும் பித்தநீர் சுரக்கவும், சீன மருத்துவத்தில் கட்டி, வீக்கத்துக்கும் இச்செடிகளைக் கொடுக்கிறார்கள் (நவீனச் சோதனைகளின் சான்று இன்னும் சொற்பம்தான்). மருந்துச் சத்து கூடிய ரகம் வேண்டுமென்றால் இனக்கலப்பு செய்ய வேண்டும். நகல் விதை மட்டுமே தரும் செடியை எதனோடு கலப்பது?

இங்கே திசு வளர்ப்பின் ஒரு குறையே கைகொடுக்கிறது. இளம் இலையைக் கிருமி நீக்கி, நறுக்கி, சர்க்கரையும் உப்புகளும் அகரும் கலந்த முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் வைக்கிறார்கள். 1962-இல் புகையிலைக்காக உருவான கலவை இது. வெட்டுவாயில் வெள்ளைப் பால் கசியும். சில வாரங்களில் விளிம்பு தடித்து, உருவமற்ற திசுக்கட்டி திரளும். அதுதான் காலஸ். ஊடகத்தில் சேர்க்கும் செடி ஹார்மோன்களில் சைட்டோகைனின் ஓங்கினால் அதிலிருந்து தளிர் எழும். ஆக்சின் ஓங்கினால் வேர் விடும்.

காலஸ் வழியே வரும் கன்றுகள் சில சமயம் தாயிலிருந்து விலகிவிடும். வாழை நாற்று விற்பவருக்கு இது தலைவலி. டான்டெலியன் ஆய்வாளருக்கோ தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் அரிய மாற்றம். ஊடகத்தில் உப்பைக் கூட்டி, தாங்கி நிற்பதை மட்டும் எடுத்து, உவர்நிலத்துக்கேற்ற செடிகளைச் சீன ஆய்வாளர்கள் இப்படித்தான் தேடினார்கள்.

தேறிய கன்றையும் உடனே மண்ணில் நட்டுவிட முடியாது. ஊடகக் குப்பியிலிருந்து வெளியே எடுத்த கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு போதாது. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்காவிட்டால் அன்றே வாடிவிடும்.

வெறும் எண்ணிக்கைக்காக டான்டெலியனைக் குப்பியில் வளர்ப்பது வீண் செலவு. புது ரகத்துக்காக என்றால் கணக்கே வேறு: மாற்றம் மரபணுவில் பதிந்த ஒரே ஒரு நல்ல செடி தேறினால் போதும். பிறகு அதைப் பெருக்க ஆய்வகம் வேண்டாம், விதையே போதும்.