அடைப்பு எங்கே இருக்கிறது?

நல்லம்பள்ளியில் நெடுஞ்சாலை ஓர டீக்கடை. பக்கத்து வீட்டு அண்ணன் சலிப்போடு உட்கார்ந்தார். "நாப்பது எம்.பி.ன்னு சொல்லித்தான் மாட்டினாங்க தம்பி. பொண்ணு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற வீடியோ நின்னு நின்னு ஓடுது. கம்ப்யூட்டரையே மாத்திடலாமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணா. சொட்டுநீர்க் குழாய்ல தண்ணி வரலேன்னா உடனே புது மோட்டார் வாங்குவோமா? கிணத்தடியிலிருந்து ஒவ்வொரு வால்வா பார்த்துக்கிட்டுத்தானே வருவோம்?"

இணையத்துக்கும் அதே முறைதான். தெருவிலிருந்து வரும் கேபிள், வீட்டுக்குள் பரவும் வைஃபை, மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் என்று மூன்று இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 40 எம்.பி. என்பது விநாடிக்கு 40 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 500 மெகாபைட் வீடியோ இறங்க 100 விநாடி ஆனால் அது கோளாறு அல்ல.

அடுத்து கேபிள். எல்லா போன்களிலும் வைஃபையை அணைத்துவிட்டு, மோடத்தையும் கம்ப்யூட்டரையும் லேன் கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பிளானில் சொன்ன வேகம் வந்தால் வெளி லைனில் பழுதில்லை. வராவிட்டால் மோடத்தை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை. ஆணியில் இறுக்கி மடித்திருந்தால் ஒளி கசிந்து பலவீனமாகும். மாதக் கடைசியில் மட்டும் மந்தமென்றால் டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம். இரவில் மட்டுமென்றால், பல வீடுகள் ஒரே இழையைப் பங்குபோடும் நெரிசலாக இருக்கலாம். நேரத்தையும் வேகத்தையும் நாலைந்து நாள் குறித்து வைத்துப் புகார் சொன்னால், "ரொம்ப ஸ்லோ" என்று மட்டும் சொல்வதைவிட எடுபடும்.

லேன் கேபிளில் வேகம், வைஃபையில் மந்தம் என்றால் குறை வீட்டுக்குள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். இரும்பு இரண்டையுமே மறிக்கும்.

போனில் வேகமாக ஓடி, கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் திணறினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பின்னணியில் எந்த அப்டேட் இணையத்தை இழுக்கிறது, எது மெமரியை நிரப்புகிறது என்பது அங்கே தெரியும்.

டீ குடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். கேபிளில் 38 வந்தது, வைஃபையில் 6. முன்னறை இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது மோடம். அதை நடு ஹாலில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினோம். வீடியோ நிற்காமல் ஓடியது.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலை பாரத்நெட் திட்டத்தில் நடக்கிறது. அத்தனை தூரம் வருகிற இணையம், படிக்கிற பிள்ளையின் மேசைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடக் கூடாது. அந்தப் பத்தடி நம் பொறுப்பு.