தீவிர சிகிச்சையில் குறைமாத இரட்டையர். கரைந்துபோகும் தாயின் விடுப்பு

புது தில்லி: முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைக் குழந்தைகள். ஒன்றின் எடை 1,400 கிராம்; மற்றொன்றின் எடை 1,100 கிராம். இரண்டும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளன. தாய் பிரசவ வார்டில் படுத்திருக்கிறார். தந்தை மருந்துச் சீட்டுடன் வராந்தாவில் நிற்கிறார். ஊரில் இருந்து வந்த பாட்டி, எந்தக் குழந்தையைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கதவோரம் அமர்ந்திருக்கிறார். தலைநகரில் மட்டுமல்ல, நாட்டின் எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் காணக்கூடிய காட்சி இது.

இந்தக் குடும்பத்திடம் மருத்துவம் ஒன்றைச் சொல்கிறது. சட்டம் வேறொன்றைச் சொல்கிறது. குழந்தைகள் பிழைக்க வேண்டுமானால் தாய் இரவும் பகலும் உடனிருக்க வேண்டும் என்கிறது மருத்துவம். ஒன்று பெற்றாலும் மூன்று பெற்றாலும், வீட்டில் இருந்தாலும் மருத்துவமனையில் இருந்தாலும் விடுப்பு 26 வாரங்கள்தான் என்கிறது சட்டம்.

உலகிலேயே குறைமாதக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறக்கும் நாடு இந்தியா. 2020-இல் உலகெங்கும் பிறந்த குறைமாதக் குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். கருவில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் இந்த ஆபத்து பல மடங்காகிறது. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றனர். ஒரே சூலில் மூவர் எனில், ஏறத்தாழ அனைவருமே குறைமாதத்தவர்தான். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைக்கும்போது இத்தகைய பிறப்புகள் கூடுகின்றன.

சஃப்தர்ஜங் காட்டிய வழி

நோய்த்தொற்று அச்சத்தின் பேரில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுகள் பெற்றோருக்கு நீண்டகாலம் மூடியே இருந்தன. தாய் அங்கே ஒரு பார்வையாளர் மட்டுமே. பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். அந்த நிலையை மாற்றியதில் தில்லியின் இரண்டு அரசு மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் உருவான முறை, பெற்றோரைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்வது. கை கழுவுவது, குழந்தையைத் தூக்குவது, பால் புகட்டுவது, ஆபத்தின் அறிகுறிகளை அறிவது ஆகியவற்றில் தாய் தந்தையருக்குப் பயிற்சி அளித்து, செவிலியரின் மேற்பார்வையில் அவர்களையே பராமரிப்பில் ஈடுபடுத்தினர். இந்த முறையை நாடெங்கும் பின்பற்றுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது.

எய்ம்ஸ் மருத்துவமனைக்கு எதிரே உள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளேயே தாய்க்கும் கட்டில் அளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றது இம்மருத்துவமனைதான். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை, உடல்நிலை சீரடையும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்பதே ஆய்வின் கேள்வி.

2021-இல் முடிவு வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடை கொண்ட 3,211 குழந்தைகள் ஆய்வில் இடம்பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தோர் 15.7 சதவீதம். உடனடியாகத் தாயின் அணைப்பில் வைக்கப்பட்டவர்களில் அது 12 சதவீதம். அதாவது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதையே தனது பரிந்துரையாக அறிவித்தது.

இந்தப் பலனுக்குத் தாய் செலுத்திய விலை நேரம். ஆய்வில் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 17 மணி நேரம் உடலோடு உடலாக அணைத்து வைக்கப்பட்டனர்.

ஒரு தாய், இரண்டு குழந்தைகள்

ஒரு குழந்தைக்கு 17 மணி நேரம் எனில், இரட்டையருக்கு? மூவருக்கு? இரண்டு குழந்தைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்ள இயலும். ஆனால் ஒன்று செயற்கைச் சுவாசத்திலும் மற்றொன்று தேறிய நிலையிலும் இருந்தால் தாய் யாரிடம் இருப்பது? அப்போது தந்தையின் மார்பும் பாட்டியின் மார்பும் சிகிச்சையின் பகுதியாகின்றன.

பாலின் கணக்கும் இதைப் போன்றதே. உறிஞ்சிக் குடிக்கும் வலு இல்லாத குழந்தைகளுக்காகத் தாய் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவிலும்கூட, பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். அது முதலில் மூக்கு வழியே செல்லும் குழாய் மூலமும், பின்னர் பாலாடை மூலமும் புகட்டப்படுகிறது. நம் வீடுகளில் புழங்கிய அந்தப் பாலாடை, அதே பெயரில் இன்று வட இந்திய மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. பல குழந்தைகளுக்குத் தாயின் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கிகள் கைகொடுக்கின்றன. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 2017-இல் இத்தகைய மையம் திறக்கப்பட்டது.

ஒரே நாளில் பிறந்தவர்கள் ஒரே நாளில் வீடு திரும்புவதில்லை. எடை கூடிய குழந்தை முதலில் அனுப்பப்படும். மற்றொன்று வாரக்கணக்கில் தங்கும். தாய் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பிரிந்து நிற்கிறார். சில குடும்பங்களில் இருவரில் ஒருவர் இறந்துவிடுகிறார். அழுவதற்கும் அவகாசமின்றி, எஞ்சிய குழந்தைக்காக அன்றிரவே பால் எடுக்க வேண்டிய கொடுமையும் அந்தத் தாய்க்கு நேர்கிறது.

பெற்றோர் உள்ளே இருப்பதும், அவர்களிடம் அனைத்தையும் சொல்வதும் சலுகைகள் அல்ல. சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 1996-இல் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை, குறைமாதத்தவருக்கு வரும் விழித்திரை நோயால் பார்வையை இழந்தது. உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்யப்படவில்லை, பெற்றோரும் எச்சரிக்கப்படவில்லை. அவ்வழக்கில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் ரூ.1.8 கோடி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பிறந்த நான்கு வாரங்களுக்குள் செய்ய வேண்டிய இப்பரிசோதனை, இரட்டையர் வெவ்வேறு நாள்களில் வீடு திரும்பும்போது தவறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் பெற்றோரின் பொறுப்பாகவே முடிகிறது.

26 வாரங்களின் கணக்கு

மகப்பேறு விடுப்பை 12 வாரங்களில் இருந்து 26 வாரங்களாக உயர்த்திய சட்டத் திருத்தத்தை மாநிலங்களவை 2016 ஆகஸ்டிலும், மக்களவை 2017 மார்ச்சிலும் நிறைவேற்றின. உலக அளவில் பாராட்டப்பட்ட சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும் 26 வார விதி அப்படியே தொடர்ந்தது. அதன் இடைவெளிகளும் தொடர்ந்தன.

இந்த விதியில் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் நாள்கள் இல்லை. குழந்தை தீவிர சிகிச்சையில் கழிக்கும் நாள்களுக்கும் ஈடு இல்லை. குறைப்பிரசவம் என்ற சொல் சட்டத்தில் இடம்பெறாமல் இல்லை. குறைப்பிரசவத்தால் 'தாய்' நோயுற்றால், சான்று அளித்து மேலும் ஒரு மாதம் வரை விடுப்புப் பெறலாம். நோயுற்றது குழந்தை என்றால் இந்த விதி பொருந்தாது.

30-ஆவது வாரத்தில் பிறந்த இரட்டையரையே எடுத்துக்கொள்வோம். சிறிய குழந்தை வீடு திரும்பப் பத்து வாரங்கள் ஆனால், விடுப்பில் எஞ்சுவது 16 வாரங்கள். 26 வாரங்கள் முடிந்து தாய் பணிக்குத் திரும்பும் நாளில், பிறந்த தேதியின்படி குழந்தைகளுக்கு ஆறு மாதம். ஆனால் பிறக்க வேண்டிய நாளில் இருந்து மருத்துவர் கணக்கிடும் திருத்திய வயதின்படி நான்கு மாதம்கூட நிறைந்திருக்காது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு விடுப்பு 12 வாரங்களே. முதல் பிரசவத்தில் இரட்டையரைப் பெற்றவர், மறுமுறை கருவுற்றால் மூன்றாவது குழந்தைக்குரிய கணக்கில் சேர்க்கப்படுகிறார். மத்திய அரசுப் பணியில் இருந்த ஒரு பெண்ணின் இத்தகைய வழக்கில், விதி இரண்டு குழந்தைகளோடு நின்றுவிடுகிறது என்ற நிலைப்பாட்டையே சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2020-இல் எடுத்தது.

தந்தையின் நிலை இன்னும் பரிதாபம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள்கள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதற்கென மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. தந்தையருக்கு 15 நாள்கள் விடுப்பும், தேவையானால் மூன்று மாதம் வரை நீட்டிப்பும் கோரி, காங்கிரஸ் உறுப்பினர் ராஜீவ் சாதவ் 2017-இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2019-இல் 16-ஆவது மக்களவையோடு அது காலாவதியானது.

சட்டம் எட்டாத பெண்கள்

வயலிலும் கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் உள்ள பெரும்பான்மைப் பெண்களுக்கு 26 வாரம் என்பதே செய்தித்தாளில் மட்டும் காணும் சொல். அவர்கள் நம்பியிருப்பது அரசு மருத்துவமனையை. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003-இல் தொடங்கிய மாவட்ட அளவிலான பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவுகள், இன்று நாடெங்கும் 900-க்கும் மேல் உள்ளன. இது பெரும் சாதனை.

ஆயினும் 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் ஒரு முரண் உள்ளது. நோயுற்ற குழந்தைக்கு ஓராண்டு வரை இலவச சிகிச்சை. தாய்க்கு இலவச உணவோ, சுகப்பிரசவமாயின் 3 நாள்கள், அறுவைச் சிகிச்சையாயின் 7 நாள்கள். எட்டாவது நாளில் இருந்து, மருத்துவத்தின் கண்ணில் அவர் சிகிச்சையின் ஒரு பகுதி. திட்டத்தின் கணக்கில் அவர் வெளியேறியவர். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் ரூ.5 லட்சமும் குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கானது. குழந்தைகள் எத்தனை பேர் தீவிர சிகிச்சையில் இருந்தாலும் அந்த வரம்புக்குள்தான்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிந்தைய எட்டு வாரப் பாதுகாப்புக் காலம், குறைப்பிரசவத்துக்கும் பல குழந்தைப் பிறப்புக்கும் 12 வாரமாகிறது. பிரிட்டன் 2023-இல் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய சட்டம், குழந்தை ஒரு வாரமோ அதற்கு மேலோ பச்சிளங்குழந்தைகள் சிகிச்சையில் இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரங்கள் வரை கூடுதல் விடுப்பு அளிக்கிறது.

இந்திய அரசு இத்தகைய துயரை அறியாததல்ல. குழந்தை இறந்தே பிறந்தாலோ, பிறந்த 28 நாள்களுக்குள் இறந்தாலோ மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாள்கள் சிறப்பு விடுப்பு அளிக்க 2022-இல் உத்தரவிட்டது இதே அரசுதான். குழந்தையை இழந்த தாய்க்கு நாள்களை ஒதுக்க முடிந்த அரசுக்கு, குழந்தையைக் காக்கப் போராடும் தாய்க்கும் ஒதுக்க முடியும்.

தேவைப்படுவது புதிய சட்டம்கூட அல்ல. ஒரு சிறு திருத்தம். தீவிர சிகிச்சையில் கழியும் நாள்களை விடுப்புக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, தந்தைக்கும் உரிய நாள்கள் அளிப்பது, குழந்தைகள் வீடு திரும்பும் வரை தாய்க்கு மருத்துவமனையில் கட்டிலும் உணவும் உறுதி செய்வது. தாயின் அருகாமை உயிர் காக்கும் என்று உலகுக்கு நிரூபித்த ஆய்வில் பங்கேற்ற சஃப்தர்ஜங் மருத்துவமனை, நாடாளுமன்றத்தில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.