அணுக்கருவின் வடிவம்

நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள பிராணவாயு, உணவிலுள்ள கரி, எலும்புக்கு உறுதி தரும் கால்சியம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவற்றின் மிகப் பெரும்பாலான அணுக்களில், நடுவிலுள்ள கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சம எண்ணிக்கையில் அமைந்துள்ளன. கரியில் வகைக்கு 6, பிராணவாயுவில் 8, கால்சியத்தில் 20.

கால்சியத்துடன் இச்சமநிலை முடிவடைகிறது. ஒரே மின்னேற்றமுடைய புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவன. அவற்றின் தொகை பெருகப் பெருக, கருவைக் கட்டிக் காக்க மின்னேற்றமற்ற நியூட்ரான்கள் மிகுதியாக வேண்டியுள்ளன. சாதாரண இரும்பில் 26 புரோட்டான்களுக்கு 30 நியூட்ரான்கள் இருப்பது இதனாலேயே. கால்சியத்துக்கு அப்பாலுள்ள சமக் கருக்களை ஆய்வுக்கூடத்தில் ஆக்கலாம். எனினும் அவை நிலைப்பதில்லை.

இக்கருக்களின் வடிவம் யாது? கரு என்றதும் உருண்டை என்றே எண்ணுகிறோம். கருத்துகள்கள் அடுக்கடுக்காக அமைகின்றன என்பதை 1949இல் மரியா கெப்பர்ட் மேயரும், ஹான்ஸ் ஜென்சன் குழுவினரும் தனித்தனியே விளக்கினர். 2, 8, 20, 28, 50 என்னும் எண்களில் அடுக்குகள் நிரம்புகின்றன. நிரம்பிய கரு பொதுவாக உருண்டையாகவே விளங்கும். அடுக்கு பாதி நிரம்பியிருக்கையிலோ, வெளித்துகள்களின் இயக்கம் கரு முழுவதையும் ஒரு புறமாக இழுக்கிறது. அப்போது கரு பேரீச்சம்பழம் போல் நீளலாம். பறங்கிக்காய் போல் தட்டையாகவும் ஆகலாம். மக்னீசியம் 24 நீண்ட வடிவினது. அதனினும் வகைக்கு இரண்டே துகள்கள் மிகுந்த சிலிக்கன் 28 தட்டையானது!

சமக் கருக்களில் இவ்விளைவு தனிச் சிறப்புடையது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒரே பாதைகளில் இயங்குவதால், ஒன்றின் போக்குக்கு மற்றொன்று துணை நிற்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத கருவின் வடிவத்தை எவ்வாறு அறிவது? குறியேதுமற்ற உருண்டையைச் சுழற்றினால் மாற்றம் எதுவும் தோன்றாது. நீண்ட பொருளைச் சுழற்றினால் தோன்றும். அவ்வாறே, நீண்ட கரு மிகச் சிறிய ஆற்றலைப் பெற்றதும் சுழலத் தொடங்குகிறது. பின்னர் அவ்வாற்றலைக் காமாக் கதிராக வெளியிடுகிறது. அக்கதிரை அளந்து வடிவத்தை உய்த்துணர்கிறோம்.

சிர்க்கோனியம் இதற்குச் சிறந்த சான்று. இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் சிர்க்கோனியம் 90இல் 40 புரோட்டான்களும் 50 நியூட்ரான்களும் உள்ளன. சுழல் எண் 2 உடைய அதன் முதல் கிளர்நிலையை எய்த ஏறத்தாழ 22 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பத்து நியூட்ரான்கள் குறைந்த சமக் கருவாகிய சிர்க்கோனியம் 80இன் காமாக் கதிர்களை 1987இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தனர். இங்கே அதே நிலைக்கு வேண்டியது 3 லட்சத்துக்கும் குறைவே. முன்னது உருண்டை, பின்னது மிக நீண்டது. தனிமம் ஒன்றே, வடிவமோ வேறு.

இவ்வாராய்ச்சியின் பயன் வானத்திலும் உண்டு. நியூட்ரான் விண்மீன்களின் மேற்பரப்பில் நிகழும் வெடிப்புகளில், ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றாக இணைந்து கனமான கருக்கள் உண்டாகின்றன. செலீனியம் 68, கிரிப்டான் 72 போன்ற சமக் கருக்களை அடைந்ததும் அவ்வினை தயங்கி நிற்கிறது. எவ்வளவு நேரம் தயங்கும் என்பது அக்கருக்களின் எடையையும் ஆயுளையும் பொறுத்தது. அவற்றை அறிய அமைப்பையும் அறிதல் வேண்டும்.

நம் நாட்டிலும் காமாக் கதிர்களை அளக்கும் இந்திய தேசிய காமாக் கருவித்தொகுதி, மும்பை, புது தில்லி, கொல்கத்தா நகரங்களின் துகள் முடுக்கிகளில் முறைவைத்து நிறுவப்பட்டு வந்துள்ளது. அந்நகரங்களில் வாழும் நம்மவர், தம் இல்லத்துக்கு அண்மையிலேயே கருவின் வடிவம் ஆராயப்பட்டு வருவதை அறிந்து மகிழலாம்.