மலையகச் சமையலறையில் ‘டெவல்’ கோழி: கடைச் சுவையை வீட்டுக்கு ஏற்ற உணவாக்குவது எவ்வாறு?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் பிரதான வீதிகளில் மாலை வேளைகளில் நடந்து செல்லும் எவரும் சில உணவகங்களிலிருந்து எழும் ஒரு வாசனையை உணராதிருக்க முடியாது. எண்ணெயில் பொரித்த கோழித் துண்டுகள், வெங்காயம், கறிமிளகாய், சோயா சோஸ், தக்காளி சோஸ் ஆகியவற்றுடன் கடும் சூட்டில் புரட்டப்படும் வாசனையே அது. சம்பள நாளிலும், பண்டிகை நாட்களிலும், பிள்ளைகளின் பிறந்த நாளிலும் ஒரு பொதி பிரைட் ரைஸும் ஒரு கோழி டெவலும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவது இன்று மலையகத்தின் வழமைகளுள் ஒன்றாகிவிட்டது. நகரத்து முஸ்லிம் குடும்பங்களின் இரவு உணவிலும் இவ்வகை உணவுக்கு இடம் உண்டு.

இந்த உணவை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்று கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அதே சுவையைக் குறைந்த எண்ணெய், குறைந்த உப்பு, குறைந்த சீனி ஆகியவற்றுடன் வீட்டிலேயே பெறலாம். அதற்குத் தேவையான மரக்கறிகளுள் பெரும்பாலானவை நம் கண்முன்னே விளைகின்றன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சீனமும் இலங்கையும் கலந்த உணவு

‘டெவல்’ என்ற பெயர் சீனத்திலிருந்து வந்ததன்று. காரமான மசாலாவுடன் சமைத்த உணவுகளை அவ்வாறு அழைக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருந்தது. அந்தப் பெயருடன், சீனர்களின் கடும் சூட்டில் விரைந்து புரட்டும் முறையும், சோயா சோஸும், இலங்கையரின் மிளகாய்ப் பிரியமும் இணைந்தே இன்றைய டெவல் உருவாகியிருக்கிறது. இந்தியாவிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. கொல்கத்தாவின் சீனக் குடும்பத்தில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975 இல் மும்பையில் உருவாக்கியதாகக் கூறப்படும் ‘சிக்கன் மஞ்சூரியன்’ சீனாவில் எவரும் அறியாத சீன உணவாகும். ஓர் உணவு ஊர் மாறும்போது அந்த ஊரின் நாவுக்கேற்ப மாறுவது இயல்பே. ஆகவே அதை நமது உடல்நலத்துக்கேற்ப இன்னொரு முறை மாற்றிக்கொள்வதில் தவறேதும் இல்லை.

லீக்ஸ், கரட், கோவா ஆகியவை இல்லாமல் இலங்கையில் சீன உணவு என்று ஒன்று இல்லை. இவை நுவரெலியாவின் குளிரில் செழித்து வளர்பவை. 1840களின் இறுதியில் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பியப் பயிர்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தமை வரலாற்றுப் பதிவாகும். இன்று நாட்டின் பல பகுதிகளுக்கும் இம்மரக்கறிகள் இங்கிருந்தே லொறிகளில் செல்கின்றன. அவை விளையும் மண்ணில் வாழ்வோர் அவற்றைக் கடைப் பொதிக்குள் நான்கைந்து துண்டுகளாக மட்டும் காண்பது விசனத்துக்குரியது.

இங்கு இது ஏன் முக்கியம்?

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதிகளில் இது ஏறத்தாழ 32 சதவீதமாகும். வளரும் பிள்ளைக்குப் புரதமும் இரும்புச் சத்தும் தேவை. தோல் நீக்கிய 100 கிராம் பச்சைக் கோழி இறைச்சியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. மாவில் தோய்த்துப் பொரித்த கடைத் துண்டில் நாம் விலை கொடுத்து வாங்குவதில் ஒரு பங்கு மாவும் எண்ணெயுமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் பல குடும்பங்களின் தட்டிலிருந்து மறைந்தன. தோட்டத் தொழிலாளரின் நாளாந்தச் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய வருமானத்தில் வாங்கும் கோழி முழுப் பயனையும் தர வேண்டாமா? ஒருவருக்கான பொதிக்குச் செலவிடும் பணத்துடன் இன்னும் சிறிது சேர்த்தால், பெரும்பாலும் குடும்பம் முழுவதற்கும் வீட்டில் சமைத்துவிடலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் சத்துக் குறைவால் வாட, பெரியவர்களிடையே நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பெருகி வருகின்றன. ஒரே வீட்டில் இவ்விரண்டும் இருப்பது இன்று புதுமையன்று. இரு சாராருக்கும் பொருந்தும் ஒரே கறியைச் சமைப்பதே நமக்குள்ள தேவையாகும்.

எவற்றைக் குறைக்க வேண்டும்?

முதலாவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. எண்ணெயில் மூழ்கப் பொரிக்கும்போது மேலே பூசிய மா எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் கேடு விளைவிக்கும் சேர்வைகள் பெருகுகின்றன. வீட்டில் எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பது நமக்குத் தெரியும். கடையில் அது தெரியாது.

இரண்டாவது உப்பு. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சோடியம் என்ற கணக்கில் இது 2,000 மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் மாத்திரம் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. எனவே சோயா சோஸ் சேர்க்கும் கறிக்குத் தனியாக உப்புச் சேர்க்கத் தேவையில்லை.

மூன்றாவது சீனி. போத்தலில் வரும் தக்காளி சோஸின் ஒவ்வொரு மேசைக்கரண்டியிலும் சுமார் ஒரு தேக்கரண்டி சீனி மறைந்திருக்கிறது. இலங்கையில் 2016 இல் பானங்களுக்கும் 2019 இல் ஏனைய பொதி செய்யப்பட்ட உணவுகளுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகள் கொண்டுவரப்பட்டன. அக்குறியையும் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்ட விபரங்களையும் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடையே வளர வேண்டும்.

அஜினோமோட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1908 இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகெதா கடற்பாசியிலிருந்து இச்சுவையைப் பிரித்தறிந்தார். 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு கடிதத்தைத் தொடர்ந்து அது குறித்த அச்சம் உலகெங்கும் பரவியது. பின்னர் நடந்த ஆய்வுகள் சாதாரண அளவில் அது தீங்கானது என்பதை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அதிலும் சோடியம் உண்டு. நன்றாக வதங்கிய தக்காளியும் சோயா சோஸும் அதே சுவையை இயற்கையாகவே தருவதால் வீட்டுச் சமையலுக்கு அது அவசியமன்று.

செய்முறை

நால்வருக்கு அரை கிலோ கோழி போதும். தோலை நீக்கிவிட வேண்டும். நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதி விரைவில் காய்ந்து போகாது. இரும்புச் சத்தும் அதில் சற்றுக் கூடுதல். இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சி-உள்ளி விழுது, ஒரு மேசைக்கரண்டி சோளமா ஆகியவற்றுடன் பிசைந்து இருபது நிமிடம் வைக்கவும். சோளமா இறைச்சியின் மீது மெல்லிய உறைபோல் படிந்து ஈரத்தைத் தடுத்து வைக்கிறது. கடையில் தடித்த மாக்கலவை செய்யும் வேலையை இந்தச் சிறு அளவே செய்துவிடும்.

தாச்சியை நன்றாகச் சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விடவும். கோழித் துண்டுகளை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு பங்காக, ஒன்றன் மேல் ஒன்று படாதவாறு பரப்ப வேண்டும். நெருக்கமாகப் போட்டால் நீர் விட்டு வெந்துவிடும், பொன்னிறம் வராது. இருபுறமும் சிவந்து உள்ளே நன்றாக வெந்ததும் எடுத்து வைக்கவும். பெரிய துண்டொன்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியக்கூடாது.

அதே தாச்சியில் இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய உள்ளி, இஞ்சி, இடித்த செத்தல் மிளகாய் ஆகியவற்றை வாசனை வர வதக்கவும். நன்கு பழுத்த இரண்டு தக்காளிகளைப் பொடியாக அரிந்து சேர்த்துக் குழையும் வரை வதக்கினால் போத்தல் சோஸுக்கு வேலை இல்லை. பின்னர் பெரிதாக வெட்டிய வெங்காயம், கறிமிளகாய், மெல்லிய கரட் துண்டுகள், லீக்ஸ் ஆகியவற்றைச் சேர்த்துக் கடும் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் புரட்ட வேண்டும். மரக்கறி கடிபட வேண்டும், குழைந்துவிடக் கூடாது. லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் தங்குமாதலால் நெடுக்காகப் பிளந்து கழுவுவது நல்லது.

ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி சோளமா ஆகியவற்றைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றி, கோழியையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டி இறக்கவும். மேலே வெங்காயத் தாளைத் தூவலாம். இவ்வாறு செய்தால் ஒருவருக்கு அரை மேசைக்கரண்டி எண்ணெயும், சோயா சோஸிலிருந்து சுமார் 450 மில்லிகிராம் சோடியமும் மட்டுமே சேரும். இறைச்சியின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ மரக்கறி இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்கு மிளகாய் சேர்க்கும் முன் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம்.

விறகடுப்பு உள்ள வீடுகளுக்கு இச்சமையலில் ஒரு வசதி உண்டு. சீன முறைக்குத் தேவையான கடும் சூட்டை விறகுத் தீ எளிதில் தருகிறது. ஆனால் சமைக்கும்போது புகை வெளியேறக் கதவையும் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய சில கவனங்கள்

சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே அவிக்கும் உணவுகளுக்குக் கூடுதல் நேரம் தேவை. எலும்புடன் கூடிய கோழியை முதலில் அவித்துப் பின்னர் புரட்டுவோர் இதை மனதிற்கொள்ள வேண்டும்.

குளிர் பிரதேசம்தானே என்று சமைத்த கோழியை இரவு முழுவதும் வெளியே வைப்பது தவறு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. கிருமிகள் பெருக அதுவே போதும். இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்டு முடிப்பது அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பானது. பச்சைக் கோழியைக் குழாய் நீரைத் திறந்துவிட்டுக் கழுவினால் தெறிக்கும் துளிகளுடன் கிருமிகளும் பரவும். பொதுக் குழாயைப் பலர் பயன்படுத்தும் லயன்களில் இது மேலும் கவனிக்கத்தக்கது. கழுவியே ஆக வேண்டுமெனில் ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பாத்திரத்தையும் கைகளையும் சவர்க்காரமிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

தேயிலை விளையும் நாட்டில் சொல்வதற்குத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. உணவுடன் சேர்த்தோ உணவு முடிந்த கையோடோ தேநீர் குடித்தால், உணவிலுள்ள, குறிப்பாக மரக்கறி, பருப்பு வகைகளிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. மாறாக, கறிமிளகாய், தக்காளி, தேசிக்காய் ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்புச் சத்து சேர்வதற்குத் துணை புரிகிறது. இரத்தச் சோகை அதிகமுள்ள நம் தாய்மாருக்கு இது சிறிய விடயமன்று.

முஸ்லிம் வாசகர்களுக்கு

வீட்டில் சமைப்பதன் மற்றொரு நன்மை, சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் அறிந்திருப்பதாகும். சீனச் சமையலில் அரிசி மதுவைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. மேலே கூறிய முறையில் அதற்கு இடமில்லை. சிப்பி சோஸ் சேர்ப்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் கடல்வாழ் உயிரினங்களைப் பொதுவாக அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹப் மீனை மட்டுமே அனுமதிக்கிறது. 2001 இல் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ தயாரிப்பின் ஒரு கட்டத்தில் பன்றியிலிருந்து பெற்ற நொதியம் பயன்படுத்தப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்து, சந்தையிலிருந்த பொதிகள் மீளப் பெறப்பட்டன. சுவையூட்டிகளின் பொதியில் ஹலால் சான்றைப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதுவே போதிய சான்று.

புலால் விலக்கும் வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளில் இந்து வீடுகளில் இதே முறையில் காளான் அல்லது சோயா மீட் கொண்டு செய்யலாம். சோயா மீட் பொதியுடன் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகமாதலால் அதைத் தவிர்த்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துவது நன்று.

சீனக் கடையின் சுவைக்கு ஆசைப்படுவது குற்றமன்று. ஆனால் உழைத்துப் பெற்ற பணத்தில் வாங்கும் அரை கிலோ கோழி, வளரும் பிள்ளைக்குப் புரதமாகவும், தாய்க்கு இரும்புச் சத்தாகவும், வயோதிபருக்குக் கேடு செய்யாத உணவாகவும் அமைய வேண்டும். சம்பள வாரத்தின் ஒரு மாலைப் பொழுதில், ஆண்களும் பிள்ளைகளும் மரக்கறி வெட்ட முன்வந்தால், நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணுக்கு இது மேலதிகச் சுமையாகவும் இராது.