மாற்றத்தை நடத்தும் கலை – 7: அணா போய் நயா பைசா வந்தது

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாயின் உட்பிரிவு மாறியது. அதுவரை பதினாறு அணாவாக இருந்த ரூபாய், அன்று முதல் நூறு நயா பைசா ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில், ஒவ்வொரு சந்தையிலும் ஒவ்வொரு மடியிலும் புழங்கிய காசு மாற வேண்டியிருந்தது. ஒரு நிறுவனமோ திட்டமோ தன் பழைய முறையைக் கைவிட்டுப் புதியதற்குப் போகும்போது எழும் கேள்விகள் எல்லாம் அந்த மாற்றத்திலும் எழுந்தன. எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எவ்வளவு அவகாசம் கொடுப்பது, இடையில் வரும் நட்டம் யார் தலையில் விழும் என்பவையே அந்தக் கேள்விகள்.

பழைய கணக்கின் பாரம்

பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா அல்லது 12 தம்படி. ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்படி. ஒரு பொருளின் விலை 3 ரூபாய் 7 அணா 9 தம்படி என்றால், அதில் 13 வாங்குபவர் கணக்கை மூன்று படியாகப் போட வேண்டும். 13 ஒன்பது 117 தம்படி. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 9 அணா, மீதி 9 தம்படி. 13 ஏழு 91 அணாவோடு அந்த 9 சேர்ந்து 100 அணா. பதினாறால் வகுத்தால் 6 ரூபாய், மீதி 4 அணா. 13 மூன்று 39 ரூபாயோடு 6 சேர்ந்து 45. விடை 45 ரூபாய் 4 அணா 9 தம்படி. கடைக்காரர்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள். ஆனால் வங்கி, ரயில்வே, தபால், வரி அலுவலகம் என்று பேரேடு பெருத்த இடங்களில் இந்த வகுத்தலும் மீதியும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வந்தன. பத்தின் மடங்கில் கணக்கு அமைந்தால் புள்ளியை நகர்த்துவதோடு வேலை முடியும். மாற்றத்துக்கான காரணம் இதுதான்.

சட்டமும் அவகாசமும்

1946-லேயே மத்திய சட்டசபையில் இதற்கான மசோதா வந்தது, நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின், 1955 செப்டம்பரில் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1957 ஏப்ரலில். இடையில் ஒன்றரை ஆண்டு இருந்தது. நாணயச் சாலைகள் புதிய காசை அடித்துக் குவிக்கவும், அலுவலகங்கள் படிவங்களையும் கட்டண அட்டவணைகளையும் திருத்தவும் அந்த அவகாசம் தேவைப்பட்டது. நாளும் பொருத்தமாக அமைந்தது. ஏப்ரல் 1 நிதியாண்டின் முதல் நாள். பழைய பேரேட்டை மூடிப் புதியதைத் திறக்கும் நாளிலேயே புதிய காசும் நுழைந்ததால், ஒரே ஆண்டுக் கணக்கில் இரண்டு முறைகள் கலக்கவில்லை.

தொடாமல் விட்டது

இந்த மாற்றத்தின் பெரும் பலம் ரூபாயைத் தொடாமல் விட்டது. ரூபாயின் பெயரும் மதிப்பும் அப்படியே நின்றன. கூலி, வாடகை, நிலத்தின் விலை, கடன், சேமிப்பு என்று ரூபாயில் பேசப்பட்ட எதற்கும் மறுகணக்கு தேவைப்படவில்லை. குழப்பம் சில்லறையோடு நின்றது.

சில்லறையிலும் மூன்று இடங்களில் பழையதும் புதியதும் துல்லியமாகப் பொருந்தின. நாலணா என்றால் 25, எட்டணா என்றால் 50, பன்னிரண்டணா என்றால் 75. வாய்ப்பாடு மறந்தவர்கூட இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை எட்டிவிட முடிந்தது. மக்கள் கால் ஊன்றி நிற்கப் பழைய தரையில் சில கற்களையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னத்தில் விழும் நட்டம்

மற்ற இடங்களில் பின்னம் வந்தது. ஓர் அணா சரியாக 6.25 நயா பைசா. அரை பைசாவும் அதற்குக் குறைந்ததும் விடப்படும், அரைக்கு மேற்பட்டது முழுப் பைசாவாகும் என்பது விதி. அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, ஆறணாவுக்கு 37 என்று மாற்று அட்டவணை அமைந்தது.

இந்த விதி நேர்மையானது. ஆனாலும் சிறிய தொகைகளில் அது யாரையாவது கடித்தது. காலணா 1.5625 நயா பைசா, விதிப்படி 2. காலணாவுக்கு வெற்றிலை வாங்குபவர் நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 8 நயா பைசா கொடுப்பார். அதே நான்கையும் சேர்த்து ஓர் அணாவுக்கு வாங்கினால் 6 போதும். ஓர் அணாப் பண்டத்தில் கணக்கு எதிர்ப்புறம் சாய்ந்தது. நான்கு முறை தனித்தனியே விற்ற கடைக்காரருக்கு 24 கிடைக்கும். சேர்த்து விற்றால் 25. ஆகவே ஒவ்வொரு பொருளாக மாற்றாமல், பழைய கணக்கில் கூட்டி முடித்துக் கடைசித் தொகையை ஒரே முறை மாற்றுவதே இரு தரப்புக்கும் நியாயமானது. அப்படிச் சேர்த்து வாங்க வசதியில்லாத அன்றாடங்காய்ச்சிக்குத்தான் இந்தப் பின்னம் வலிக்கும். எந்த மாற்றத்திலும் மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது; கடைசிப் பின்னம் யார் கையிலிருந்து போகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

காசே பாடம்

புதிய காசு தன்னைத் தானே விளக்கும்படி அமைக்கப்பட்டது. ஒரு நயா பைசா சிறிய வட்டமான வெண்கலக் காசு. அதில் ‘ரூபாயின் நூறில் ஒரு பங்கு’ என்று இந்தியில் பொறிக்கப்பட்டிருந்தது. பத்து நயா பைசாவில் ‘ரூபாயின் பத்தில் ஒரு பங்கு’ என்று இருந்தது. ஐந்து சதுரமாகவும், இரண்டும் பத்தும் வளைவு வளைவான விளிம்போடும் இருந்ததால், இந்தி தெரியாதவரும் எழுத்தே அறியாதவரும் விரலால் தடவியே காசை அடையாளம் காண முடிந்தது.

பெயரிலும் ஒரு முன்யோசனை இருந்தது. பழைய காலணாவையும் பைசா என்று அழைப்பது வழக்கம். அதன் மதிப்பு புதிய பைசாவில் ஒன்றரைக்கும் மேல். இரண்டும் ஒரே பெயரில் ஒரே கல்லாவில் கிடந்தால் சண்டை வரும். அதற்காகவே ‘புதிய’ என்று பொருள்படும் ‘நயா’ என்ற சொல் முன்னால் ஒட்டப்பட்டது. பழைய அணாக் காசுகள் உடனே செல்லாமல் போகவில்லை. சில ஆண்டுகள் புதியவற்றோடு சேர்ந்தே புழங்கின. அந்தக் காலம் முழுவதும் கடைக்காரர் இரண்டு கணக்குகளை மனத்தில் சுமந்தார். ஆனால் கையில் பழைய காசு வைத்திருந்த எவரும் ஒரே இரவில் ஏழையாகவில்லை. அந்தச் சுமை கொடுக்கத் தகுந்த விலைதான். பழைய காசு மறைந்து, குழப்பத்துக்கு இடமில்லாமல் போன பிறகு, 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ நீக்கப்பட்டு வெறும் பைசா நிலைத்தது. கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பதைப் போன்றது அது.

ஒன்றன்பின் ஒன்று

காசோடு எடையையும் அளவையும் மாற்றும் திட்டமும் இருந்தது. அதற்கான சட்டம் 1956-ல் வந்தது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவரவில்லை. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் குறிப்பிட்ட சில பகுதிகளிலும் தொழில்களிலும் தொடங்கி, படிப்படியாகப் பரவி, 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயமாயின. தமிழ்நாட்டுக் கடைகளில் வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். வீசை கிலோவாக மாறும் அன்றே அணாவும் பைசாவாக மாறியிருந்தால், விலை ஏறியதா இறங்கியதா என்று எந்த வாடிக்கையாளராலும் சரிபார்த்திருக்க முடியாது. முதலில் காசு, பிறகு எடை என்ற வரிசை அந்த ஐயத்துக்கு இடம் தரவில்லை.

பின்னர் பிரிட்டனும் இதே வழியில் போனது. 240 பென்ஸாக இருந்த பவுண்டு, 1971 பிப்ரவரி 15 அன்று 100 புதிய பென்ஸ் ஆனது. அங்கும் பவுண்டு மாறவில்லை. பழைய ஷில்லிங்கின் அளவும் மதிப்பும் கொண்ட 5 பென்ஸ் காசு 1968-லேயே புழக்கத்துக்கு வந்து மக்களைப் பழக்கியது. கணக்குகளை மாற்ற வசதியாக பிப்ரவரி 15-க்கு முந்தைய சில நாட்கள் வங்கிகள் மூடப்பட்டன. காசில் இருந்த ‘புதிய’ என்ற சொல் 1982-ல் எடுக்கப்பட்டது.

ஒரு மருத்துவமனை தன் நோயாளிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றினாலும், ஓர் ஆலை தன் கிடங்குக் கணக்கை மாற்றினாலும், கேட்க வேண்டியவை இவையே. எதைத் தொடமாட்டோம்? பழையதும் புதியதும் எங்கே துல்லியமாகப் பொருந்துகின்றன? பொருந்தாத இடத்தில் நட்டம் யாருக்கு? இரண்டும் சேர்ந்து ஓடும் காலம் எவ்வளவு, அது எப்போது முடியும்? இவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் இல்லாத மாற்றத்தைத் தொடங்கக் கூடாது.

பழக்கம் சட்டத்தைவிட மெதுவாக நடக்கும். அணா போன பிறகும் 25 பைசாவைத் தமிழர்கள் நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சால் கணக்கில் ஒரு குழப்பமும் நேரவில்லை. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாக் காசும் செல்லாமல் போனது. ‘ஒரு நயா பைசா கூடக் கிடையாது’ என்ற பேச்சு மட்டும் தமிழில் இன்றும் செல்லுபடியாகிறது.